விண்வெளித் திட்டத்துக்கு அரசுப் பணம்: எந்தக் கதவு, யாருக்கு, எப்போது?

2024 அக்டோபரில் விண்வெளி ஸ்டார்ட்அப்களுக்காக ரூ.1,000 கோடி முதலீட்டு நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 பிப்ரவரியில், தனியார் விண்வெளி முயற்சிகளைக் கவனிக்கும் மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பு ரூ.500 கோடியில் இன்னொரு நிதியை அறிவித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு பட்ஜெட்டில் விண்வெளித் தொழில்நுட்பத்துக்கென ரூ.10 கோடி. ஜூலையில் ஆராய்ச்சி, மேம்பாட்டுக்காக ரூ.1 லட்சம் கோடி. தலைப்புச் செய்திகளை இந்த வரிசையில் படித்த ஒருவருக்கு, நல்ல ஐடியாவும் ஒரு ப்ரபோசலும் இருந்தால் பணம் வந்துவிடும் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் இவை வெவ்வேறு வகைப் பணம். ஒன்று உங்கள் கம்பெனியில் பங்கு கேட்கும். ஒன்று செலவில் கணிசமான பகுதியை உங்களையே போடச் சொல்லும். லட்சம் கோடி நிதி மானியமாக வருவதே இல்லை. நேரடியாக டெல்லிக்கு விண்ணப்பம் அனுப்பி அதை வாங்கவும் முடியாது. நல்ல தொழில்நுட்பம் வைத்திருப்பவர்கள்கூடத் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம், தாங்கள் இருக்கும் நிலைக்குப் பொருந்தாத கதவைத் தட்டுவது. அதனால் தொகைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பணத்தின் வகையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பேச்சுக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஆலைகளுக்கு வால்வு செய்து தரும் சிறு நிறுவனம். சிறிய செயற்கைக்கோளின் உந்துபொறிக்குள் எரிபொருளைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறது. லேத், சிஎன்சி, கைதேர்ந்த ஆட்கள், எல்லாம் இருக்கிறது. விண்வெளி அனுபவம் மட்டும் இல்லை.

பணத்தின் வகைகள்

1. மானியம். திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

2. இணை மானியம். அரசு ஒரு பங்கு, நீங்கள் ஒரு பங்கு. விண்வெளித் துறையில் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் மானியம் பெரும்பாலும் இந்த ரகம்தான். செய்தித் தலைப்புகளில் விடுபட்டுப்போவதும் இந்த விவரம்தான்.

3. பங்கு முதலீடு. அரசின் பணம் ஒரு முதலீட்டு நிதியின் வழியாக உங்கள் கம்பெனிக்குள் வரும். அதற்குப் பதிலாகப் பங்கு போகும். முதலீடு செய்பவர் ஒருநாள் லாபத்தோடு வெளியேற வேண்டும் என்பதால், உங்கள் தொழில்நுட்பத்தைவிட உங்கள் சந்தையைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்.

4. சலுகைக் கடன். வட்டி குறைவு, தவணைக் காலம் நீளம். ஆனாலும் கடன் கடன்தான்.

5. பணமாக வராத உதவி. சோதனைக்கூடம், விஞ்ஞானிகளின் ஆலோசனை, ராக்கெட்டில் இடம். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. விண்வெளித் துறையில் ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு, மேலே சொன்ன நான்கையும்விட இது பெரிய உதவியாக இருக்கலாம். காரணம் பின்னால் வருகிறது.

இன்-ஸ்பேஸ் எதற்கு?

2020 வரை இந்தியாவில் விண்வெளி என்றால் இஸ்ரோ மட்டும்தான். தனியார் நிறுவனங்கள் இஸ்ரோவுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தன. சொந்தமாக ராக்கெட்டோ செயற்கைக்கோளோ அனுப்ப வழி இல்லை. 2020 ஜூனில் அமைச்சரவை இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. விண்வெளித் துறையின் கீழ் வருகிறது, தலைமையகம் அகமதாபாத். தனியாருக்கு அனுமதி தருவது, இஸ்ரோவின் வசதிகளைப் பயன்படுத்த வழிசெய்வது, தொழிலை வளர்ப்பது ஆகியவை இதன் வேலை. 2023இல் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை யார் எதைச் செய்யலாம் என்பதைத் தெளிவாகப் பிரித்தது: இஸ்ரோ புதிய ஆராய்ச்சியில் கவனம் செலுத்தும், வணிகரீதியாகச் செய்யக்கூடியதைத் தனியார் எடுத்துக்கொள்ளலாம்.

இதனால் இன்-ஸ்பேஸ் இரண்டு தொப்பி போட்டிருக்கிறது. அனுமதி தருவதும் அதுதான், ஊக்குவிப்பதும் அதுதான். ஒன்று கிடைத்ததாலேயே மற்றதும் வந்துவிடாது. இன்-ஸ்பேஸுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட கம்பெனிகளை 'அரசு நிதி பெற்ற நிறுவனம்' என்று எழுதும் செய்திகளைப் பார்க்கலாம். அந்த ஒப்பந்தம் இஸ்ரோவின் வசதிகளையும் நிபுணர்களையும் அணுகுவதற்கான சட்டகம், அவ்வளவுதான். அதில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் இருக்கலாம்.

டிஆர்எல்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரு எண்

எந்த விண்ணப்பப் படிவத்தைத் திறந்தாலும் டிஆர்எல் என்று ஒரு கட்டம் இருக்கும். தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 1 முதல் 9 வரை சொல்லும் அளவுகோல் அது. நாசாவில் பிறந்து இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

நம் வால்வை வைத்தே பார்ப்போம். கொள்கை அளவில் இப்படிச் செய்யலாம் என்று காகிதத்தில் இருந்தால் 1 அல்லது 2. மேஜைமேல் ஒரு மாதிரி திறந்து மூடுகிறது, கருதியது சாத்தியம் என்று காட்டிவிட்டது என்றால் 3. பாகங்களைச் சேர்த்து ஆய்வகத்தில் முழுதாக வேலை செய்கிறது என்றால் 4. விண்வெளியைப் போன்ற சூழலில், அதாவது வெற்றிடத்தில், கடுங்குளிரிலும் கடும்வெப்பத்திலும், ராக்கெட் அதிர்வைத் தாங்கியபடி வேலை செய்தால் 5, 6. உண்மையிலேயே மேலே போய் இயங்கிக் காட்டினால் 7. பறப்பதற்குத் தகுதியானது என்று முழுச் சோதனையும் முடிந்தால் 8. ஒரு பயணத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தால் 9.

கோயம்புத்தூர் நிறுவனம் தன் வால்வை 'தயாரான பொருள்' என்றுதான் சொல்லும். தண்ணீரிலும் எண்ணெயிலும் லட்சக்கணக்கான முறை திறந்து மூடிய வால்வாயிற்றே! ஆனால் விண்வெளிக் கணக்கில் அது 3 அல்லது 4தான். எரிபொருளோடு உலோகமும் சீலும் எப்படி நடந்துகொள்ளும், ஹீலியம் கசிவு எவ்வளவு, வெற்றிடத்தில் ரப்பர் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு இன்னும் பதில் இல்லை.

4இலிருந்து 7க்குப் போகும் பாதைதான் மிகச் செலவானது. கல்லூரி ஆராய்ச்சி நிதி 3 அல்லது 4 வரை கைகொடுக்கும். தனியார் முதலீட்டாளர் 7க்கு மேல்தான் தைரியமாக வருவார். இந்த நடுப்பள்ளத்தை நிரப்புவதற்காகத்தான் சமீபத்திய அரசு நிதிகளில் பல வந்திருக்கின்றன. அதனால் விண்ணப்பத்தில் டிஆர்எல் எண்ணை ஏற்றிச் சொல்வது இரண்டு வகையில் அடிக்கும்: ஆரம்ப நிலை உதவிக்குத் தகுதி போய்விடும், மேல்நிலை நிதிக்குச் சோதனை அறிக்கை கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கதவுகள்: நிலைவாரியாக

*கல்லூரி, ஆய்வகம் (1 முதல் 4 வரை)*

இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் 1970களிலிருந்து நடந்துவருகிறது. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டும். பேராசிரியர் ஒருவர் முதன்மை ஆய்வாளராக இருக்க வேண்டும். இஸ்ரோ மையங்கள் தங்களுக்கு எந்தப் பிரச்சினைக்குத் தீர்வு வேண்டும் என்று ஒரு பட்டியலையே வெளியிடுகின்றன. 'ரெஸ்பாண்ட் பேஸ்கெட்' என்று பெயர். அந்தப் பட்டியலைப் படிக்காமல் சொந்த ஆசையை எழுதி அனுப்புவது நேர விரயம். இவை தவிர ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் இஸ்ரோவின் விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவுகள் இருக்கின்றன. திருச்சி என்ஐடியில் இஸ்ரோவின் தொழில்நுட்ப வளர்ப்பு மையம் இருக்கிறது.

நம் வால்வு நிறுவனம் ரெஸ்பாண்டுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு கல்லூரியோடு சேரலாம். சேருவதற்கு முன்னால் பேச வேண்டியது ஒன்று உண்டு: காப்புரிமை யாருக்கு? கல்லூரி ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமை பெரும்பாலும் கல்லூரிக்குத்தான் போகும். பிறகு கம்பெனியின் பெயரில் வேறொரு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது 'இந்தத் தொழில்நுட்பம் உங்களுடையதா?' என்ற கேள்விக்கு ஒரு உரிமக் கடிதம் இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

*விதை நிதி*

இன்-ஸ்பேஸின் விதை நிதித் திட்டம் ஒரு ஸ்டார்ட்அப்புக்கு ரூ.1 கோடி வரை தரும். ஆனால் இது எப்போதும் திறந்திருக்கும் கவுண்டர் இல்லை. பேரிடர் மேலாண்மை, நகர்ப்புற மேம்பாடு என்று ஒரு தலைப்பைச் சொல்லி அறிவிப்பு வெளியிடுவார்கள். அந்தத் தலைப்புக்குள் வருபவர்களுக்கு மட்டும்தான் இடம். செயற்கைக்கோள் படங்களை வைத்து வெள்ளப் பாதிப்பைக் கணிக்கும் மென்பொருள் செய்பவருக்குப் பொருந்தும். வால்வு செய்பவருக்கு இது கதவே இல்லை.

*ராணுவத்தின் வழி*

விண்வெளி என்றவுடன் எல்லோரும் இஸ்ரோவைப் பார்ப்பதால் ஓரமாக நிற்கும் கதவு இது. 2018இல் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் ஐடெக்ஸ் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். முப்படைகள் தங்கள் தேவைகளைச் சவால்களாக அறிவிக்கும். ஸ்டார்ட்அப்களும் சிறுதொழில் நிறுவனங்களும் தீர்வோடு வரலாம். சாதாரணச் சவாலுக்கு ரூ.1.5 கோடி வரை, ஐடெக்ஸ் பிரைம் என்ற பிரிவில் ரூ.10 கோடி வரை, அதிதி என்ற பிரிவில் ரூ.25 கோடி வரை மானியம். நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும்.

2022இல் காந்திநகர் கண்காட்சியில் 'மிஷன் டெஃப்ஸ்பேஸ்' என்ற பெயரில் விண்வெளிக்கென்றே 75 சவால்களை அறிவித்தார்கள். செயற்கைக்கோள் ஸ்டார்ட்அப்பான பிக்ஸல் 2024 ஜூனில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐடெக்ஸின் 350ஆவது ஒப்பந்தம். 150 கிலோ வரையிலான சிறு செயற்கைக்கோள் ஒன்றை உருவாக்குவதற்கானது அது.

இந்த வழியின் பலம், வாங்குபவர் ஆரம்பத்திலேயே மேஜைக்கு வந்துவிடுவதுதான். முன்மாதிரி தேறினால் படைகள் அதை வாங்குவதற்குக் கொள்முதல் விதிகளிலேயே வழி இருக்கிறது. பலவீனம்: அறிவித்த சவாலுக்குள்தான் நீங்கள் நிற்க வேண்டும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியும் இப்படித்தான். தேவையை அவர்கள் சொல்வார்கள். திட்டச் செலவில் 90 சதவீதம் வரை, ஒரு திட்டத்துக்கு ரூ.50 கோடி வரை தரலாம்.

*தொழில்நுட்பத்தைப் பொருளாக்குவது*

ரூ.500 கோடி நிதி இங்கேதான் வருகிறது. இன்-ஸ்பேஸின் தொழில்நுட்ப ஏற்பு நிதி என்று சொல்லலாம். ஆரம்ப நிலையைத் தாண்டிய தொழில்நுட்பத்தை விற்கக்கூடிய பொருளாக மாற்றுவதும், இறக்குமதியைக் குறைப்பதும் நோக்கம். ஸ்டார்ட்அப்புக்கும் சிறுதொழில் நிறுவனத்துக்கும் திட்டச் செலவில் 60 சதவீதம் வரை, பெரிய நிறுவனத்துக்கு 40 சதவீதம் வரை. உச்சவரம்பு ஒரு திட்டத்துக்கு ரூ.25 கோடி. நம் வால்வுக்கு இயல்பாகப் பொருந்தும் கதவு இதுதான், ஆய்வகச் சோதனை முடிந்திருந்தால்.

*வளர்ச்சி நிலை*

ரூ.1,000 கோடி நிதியை, சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியின் துணை நிறுவனம் சிட்பி வென்ச்சர் கேப்பிடல் நடத்துகிறது. ஒரு கம்பெனிக்கு ரூ.10 கோடியிலிருந்து ரூ.60 கோடி வரை, சுமார் 40 கம்பெனிகளுக்கு என்பது அமைச்சரவை சொன்ன கணக்கு. இது பங்கு முதலீடு. ரூ.10 கோடியைப் பங்காக வாங்கும் அளவுக்குக் கம்பெனிக்கு மதிப்பு வந்திருக்க வேண்டும் என்பதால், முதல் மாதிரியே செய்யாதவர்கள் இதற்கு அலைவதில் பயனில்லை.

ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி விண்வெளிக்கு மட்டும் உரியதில்லை. எரிசக்தி, குவாண்டம், உயிரித் தொழில்நுட்பம் எல்லாம் போட்டியில் இருக்கும். டிஆர்எல் 4க்கு மேல்தான். நீண்டகாலக் குறைவட்டிக் கடன் அல்லது பங்கு முதலீடு. அனுசந்தான் என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்பின் கீழ் உள்ள நிதி, அடுத்தகட்ட நிதி மேலாளர்களுக்குப் போய், அவர்கள் வழியாகத்தான் கம்பெனிகளுக்கு வரும். நீங்கள் அணுக வேண்டியது அந்த மேலாளர்களை. சலுகைக் கடனுக்குப் பழைய வழியும் உண்டு: மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம். ஹைதராபாத்தின் துருவா ஸ்பேஸ் தன் சூரியத்தகடு வசதிக்கு அங்கேதான் உதவி பெற்றது.

பணமாக வராத உதவி ஏன் பெரிது

விண்வெளியின் வெற்றிடத்தையும் வெப்பக் குளிரையும் உருவாக்கிச் சோதிக்கும் வெப்ப வெற்றிட அறையைச் சொந்தமாக வாங்கி வைப்பது சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் வருடத்தில் சில வாரம்தான் ஓடும். அகமதாபாத்தில் உள்ள இன்-ஸ்பேஸ் தொழில்நுட்ப மையத்திலும் இஸ்ரோவின் மையங்களிலும் சோதனை நேரம் கேட்டு வாங்கலாம். சென்னையின் அக்னிகுல் காஸ்மோஸ் 2020 டிசம்பரில் இப்படியொரு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்ளேயே தன் ஏவுதளத்தை அமைத்துக்கொண்டது. 2024 மே 30 அன்று அங்கிருந்துதான் அதன் சோதனை ராக்கெட் பறந்தது. அந்த இடத்தையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் கண்காணிப்பு வசதியையும் பணம் கொடுத்து வெளியில் வாங்கியிருக்க முடியுமா என்று யோசித்தால் இந்த உதவியின் மதிப்பு புரியும்.

போயம் என்பது இன்னொன்று. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காவது அடுக்கு, செயற்கைக்கோள்களை விட்டபிறகு வெறும் குப்பையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குச் சூரியத்தகடும் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தி, சோதனைக் கருவிகளைச் சுமக்கும் மேடையாக இஸ்ரோ மாற்றியது. 2024 டிசம்பரில் பறந்த போயம்-4இல் 24 கருவிகள் இருந்தன. அதே ஆண்டு ஜனவரியில் போன போயம்-3இல் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் தன் உந்துபொறியைச் சோதித்துக்கொண்டது. வால்வு நிறுவனம் தனியாக ஒரு செயற்கைக்கோள் செய்யத் தேவையில்லை. இப்படி உந்துபொறி அனுப்பும் ஒருவரோடு சேர்ந்தால் டிஆர்எல் 7 கைக்கு வந்துவிடும்.

விண்ணப்பத்தில் எது எடைபோடப்படுகிறது

நடைமுறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: இணையதளத்தில் விண்ணப்பம், தகுதிச் சரிபார்ப்பு, நிபுணர் குழு முன் விளக்கம், கம்பெனியின் கணக்குவழக்குச் சோதனை, ஒப்பந்தம், முதல் தவணை. குழுவில் அந்தத் தொழில்நுட்பத்திலேயே ஊறியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் விண்வெளிச் சந்தை இத்தனை பில்லியன் டாலர் என்று ஐந்து ஸ்லைடு காட்டுவது வீண்.

1. எண்களில் பேசுங்கள். 'உலகத்தரமான வால்வு' என்பதில் எதையும் மதிப்பிட முடியாது. எத்தனை மில்லிசெகண்டில் திறக்கும், எந்த அழுத்தம் வரை தாங்கும், கசிவு எவ்வளவுக்குள், எத்தனை முறை இயங்கும், எடை எத்தனை கிராம், எத்தனை வாட் மின்சாரம். பக்கத்திலேயே, இன்று இறக்குமதியாகும் பொருளின் அதே அளவுகள். இந்த ஒரு அட்டவணை பத்துப் பக்க விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

2. இப்போதைய டிஆர்எல், திட்டம் முடியும்போது எட்டும் டிஆர்எல், இரண்டுக்கும் ஆதாரம்.

3. மைல்கற்களை அளக்கும்படி வையுங்கள். 'வடிவமைப்பில் முன்னேற்றம்' என்று எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, பணம் நிற்கும். 'தகுதிச் சோதனை மாதிரி அதிர்வுச் சோதனையில் தேறியது' என்றால் அறிக்கை இருக்கும், தவணை நகரும். முதல் மைல்கல்லைச் சீக்கிரம் எட்டக்கூடியதாக வைப்பது நல்லது. பேராசையில் எல்லா மைல்கல்லையும் கடினமாக வைத்துக்கொள்பவர்கள் பாதியில் திணறுகிறார்கள்.

4. பட்ஜெட்டில் சோதனைச் செலவை மறைக்காதீர்கள். விண்வெளிப் பொருளில் பறக்கப்போகும் மாதிரி வேறு, சோதிப்பதற்கென்றே செய்யும் தகுதி மாதிரி வேறு. பின்னதை எல்லை வரை வாட்டி எடுப்பார்கள். அது பிறகு பறக்காது. அதனால் ஒரு வால்வுக்குப் பல வால்வு செய்ய வேண்டும். சோதனை ஒருமுறை தோற்றால் மறுபடி நடத்த வேண்டும். இந்தச் செலவுகளே இல்லாத பட்ஜெட்டைப் பார்த்ததும், விண்ணப்பித்தவருக்கு இந்தத் துறை புதிது என்று குழுவுக்குத் தெரிந்துவிடும். நேர்மாறாக, மொத்தத் தொகையில் பெரும்பகுதி இயந்திரம் வாங்குவதற்கே என்றால், ஆராய்ச்சி என்ற பெயரில் ஆலையை விரிவாக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகம் வரும்.

5. எது தவறிப்போகலாம், தவறினால் மாற்றுவழி என்ன என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். ரிஸ்க் பகுதியில் 'இல்லை' என்று எழுதியவரைக் குழு நம்பாது.

6. ஆட்கள். எல்லோரும் இயந்திரவியல் பொறியாளர்களாக இருந்தால், எரிபொருள் வேதியியலை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் ஆலோசகராக இருப்பது உதவும். அவர் பெயர் மட்டும் காகிதத்தில் இருந்து, விளக்கத்தின்போது ஒரு கேள்விக்கும் உங்கள் ஆட்கள் பதில் சொல்லாவிட்டால் அது எதிராகவே வேலை செய்யும்.

இவற்றோடு அடிப்படைக் காகிதங்கள்: ஸ்டார்ட்அப் என்றால் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டிபிஐஐடியின் அங்கீகாரம், சிறுதொழில் என்றால் உத்யம் பதிவு, தணிக்கையான கணக்கு, பங்குதாரர் விவரம்.

ஒப்புதலுக்கும் பணத்துக்கும் நடுவில்

கம்பெனிகள் உண்மையில் அடிவாங்கும் இடம் இது. கணக்கைப் போட்டே பார்க்கலாம். வால்வுத் திட்டத்தின் மொத்தச் செலவு ரூ.10 கோடி, காலம் 2 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் கிடைத்தால் அரசு ரூ.6 கோடி, நிறுவனம் ரூ.4 கோடி. அந்த 4 கோடி எங்கிருந்து வரும் என்று முதலிலேயே காட்ட வேண்டும். ஏற்கெனவே வைத்திருக்கும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் உங்கள் பங்காகக் காட்டலாமா என்பது அந்தந்தத் திட்டத்தின் விதியைப் பொறுத்தது. கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

சரி, அதையும் தாண்டிவிட்டோம். மாதச் செலவு சராசரியாக ரூ.42 லட்சம். ஒரு மைல்கல்லை முடித்து அறிக்கை கொடுத்து, குழு கூடிப் பார்த்து, அடுத்த தவணை வர மூன்று மாதம் ஆகிறது என்றால், அந்த இடைவெளியில் ரூ.1.25 கோடி கைப்பணம் வேண்டும். பொறியாளர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தினால் அவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் பணம் வந்தும் வேலை நடக்காது. மானியம் உறுதியான பிறகும் ஒரு நடப்பு மூலதனக் கடனோ சிறு முதலீடோ தேவைப்படுவது இதனால்தான். 'அரசு தருகிறதே, முதலீட்டாளர் எதற்கு?' என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் மானியம் என்றால் பொது நிதி விதிகள் பொருந்தும். பணத்தைப் பயன்படுத்தியதற்கான சான்றிதழை உரிய படிவத்தில் கொடுக்க வேண்டும். ஆடிட்டர்கள் வட்டாரத்தில் 'யுசி' என்றால் இதுதான். யுசி போகாமல் அடுத்த தவணை வராது. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் தலைவலி பாதி குறையும். செலவழியாமல் இருந்த மானியத்துக்கு வங்கி தரும் வட்டி உங்களுடையது இல்லை, அரசுக்குத் திரும்பப் போக வேண்டும். மானியத்தில் வாங்கிய கருவியை அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு வேலைக்குத் திருப்பவோ முடியாது. ஒரே பில்லை இரண்டு திட்டங்களில் காட்டக் கூடாது. வெவ்வேறு கட்டத்துக்கு வெவ்வேறு நிதி வாங்குவதில் பொதுவாகத் தடை இல்லை, ஆனால் முன்னே வாங்கியதைச் சொல்லிவிட வேண்டும்.

வருமான வரி என்று ஒன்றும் இருக்கிறது. மானியம் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதாலேயே வரி கிடையாது என்று ஆகாது. சம்பளம், மூலப்பொருள் போன்ற செலவுக்கு வந்த மானியம் வருமானமாகக் கணக்கில் வரலாம். சொத்து வாங்க வந்தது அந்தச் சொத்தின் விலையில் கழியலாம். ஒப்பந்தத்துக்கு முன்னால் ஆடிட்டரோடு உட்கார வேண்டிய விஷயம்.

பணம் வந்தாலும் அனுமதி தனி

செயற்கைக்கோளை அனுப்பவோ இயக்கவோ இன்-ஸ்பேஸின் அனுமதி வேண்டும். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறை. வால்வு போன்ற உதிரிபாகத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் உந்துபொறிப் பாகங்கள் ஏவுகணைக்கும் பயன்படக்கூடியவை என்பதால், வெளிநாட்டுக்கு விற்கும்போது ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். வெளிநாட்டு முதலீட்டுக்கும் வரம்பு உண்டு. 2024இல் தளர்த்திய விதிப்படி, அரசின் முன்அனுமதி இல்லாமல் உதிரிபாகத் தயாரிப்பில் 100 சதவீதம், செயற்கைக்கோள் தயாரிப்பிலும் இயக்கத்திலும் 74 சதவீதம், ராக்கெட்டில் 49 சதவீதம் வரை வரலாம். பாதுகாப்புத் துறையின் பணத்தை நம்பியிருப்பவர்கள், அந்நியப் பங்கு கூடும்போது தகுதி போய்விடுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில்

2025 ஏப்ரலில் மாநில அரசு விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. ஐந்து ஆண்டில் ரூ.10,000 கோடி முதலீடு என்பது இலக்கு. ரூ.25 கோடிக்குக் குறைவாக முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு 'ஸ்பேஸ் பே' என்ற பகுதிகளில் தனிச் சலுகை உண்டு. உலகத் திறன் மையங்களும் (பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் வேலைக்காக இங்கே நடத்தும் அலுவலகங்கள்) ஆராய்ச்சி நிறுவனங்களும் தரும் சம்பளத்தில் முதல் ஆண்டு 30, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் மானியம் என்றும் கொள்கை சொல்கிறது. இது மத்திய அரசின் நிதிகளிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இன்-ஸ்பேஸ் தொழில்நுட்பத்துக்குப் பணம் தருகிறது. மாநிலம் இங்கே வந்து ஆலை போடுவதற்கும் ஆள் எடுப்பதற்கும் தருகிறது. முதலீடு செய்துவிட்டுப் பின்னர் கோருவதுதான் இத்தகைய சலுகைகளின் வழக்கம், எனவே ஆரம்ப மூலதனமாக இதை நினைக்கக் கூடாது.

குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளமும், திரவ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி வளாகமும் தெற்கே இருப்பதால் அந்தப் பக்கம் தொழில் வளரும் என்பது மாநிலத்தின் கணக்கு. உந்துபொறி தொடர்பான வேலைக்கு மகேந்திரகிரி அருகில் இருப்பது நிச்சயமாக லாபம். மென்பொருள் கம்பெனிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

யார் வாங்கப்போகிறார்கள்?

நிபுணர் குழுவின் கடைசிக் கேள்வி பெரும்பாலும் இதுவாக இருக்கும். இந்தியாவில் விண்வெளிப் பொருளை அதிகம் வாங்கக்கூடியவர் அரசுதான். 2024 அக்டோபரில் ஒப்புதலான கண்காணிப்புச் செயற்கைக்கோள் திட்டத்தின் மதிப்பு ரூ.26,968 கோடி. 52 செயற்கைக்கோள், அதில் 31ஐத் தனியார் செய்ய வேண்டும். மேலே பார்த்த எல்லா மானியத் திட்டங்களைவிடவும் இந்த ஒரு கொள்முதல் பெரிது. மானியத்துக்கு அலைவதைவிட, இப்படியொரு திட்டத்தில் பெரிய நிறுவனத்துக்கு உதிரிபாகம் தரும் இரண்டாம் வரிசையில் இடம்பிடிப்பது சிறுநிறுவனத்துக்கு நல்லது என்பது என் கருத்து. மானியம் ஒருமுறைதான் வரும், ஆர்டர் திரும்பத் திரும்ப வரும்.

2025 ஆகஸ்டில் நடந்ததும் கவனிக்க வேண்டியது. 12 புவிநோக்குச் செயற்கைக்கோள்களைத் தனியார் கட்டி இயக்கும் திட்டத்துக்கு அரசு ரூ.350 கோடி வரை தரத் தயாராக இருந்தது. பிக்ஸல் தலைமையிலான கூட்டணி அந்தப் பணமே வேண்டாம், பூஜ்யம் போதும் என்று கேட்டு ஏலத்தை வென்றது, ரூ.1,200 கோடிக்கு மேல் தாங்களே போடப்போகிறார்கள். படங்களை விற்கும் உரிமையும் அரசே வாடிக்கையாளராக வரும் வாய்ப்பும் மானியத்தைவிட மதிப்புள்ளவை என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வால்வு நிறுவனத்தின் விண்ணப்பத்தில் இதற்குச் சமமான காகிதம், ஒரு செயற்கைக்கோள் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கும் கடிதம். 'இந்த முயற்சிக்கு வாழ்த்துகள், ஆர்வமாக இருக்கிறோம்' என்ற வகைக் கடிதங்களைக் குழுக்கள் நிறையப் பார்த்திருக்கும். 'இந்தக் கசிவு அளவும் இந்த ஆயுளும் நிரூபணமானால், முதல் ஆண்டில் இத்தனை வால்வு, இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதி வாங்க முடிந்தால், விண்ணப்பத்தின் மைல்கற்களையே அந்தக் கடிதத்தின் நிபந்தனைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.